பதினொன்று ஐம்பதுக்கு எடுத்த ரத்தம்: பிசிஓடி என்று எழுதிவிட்டுத் திருத்திய ஒரு நிகழ்வு

குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பரிசோதனை அளவுகள் இருந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

பெண்ணுக்கு வயது 20. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 2023 ஜூனில் அம்மாவோடு என் கிளினிக்குக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் நான்கு வருடத்துச் சீட்டுகள், சுருண்டுபோன ஸ்கேன் படங்கள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். உட்கார்ந்ததும் அம்மா சொன்னார்: "கட்டி கரைஞ்சிருச்சான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க டாக்டரம்மா. தை மாசம் பேசி முடிக்கணும்."

பேசி முடிக்க வேண்டியது கல்யாணம். மாப்பிள்ளை, அம்மாவின் உடன்பிறந்த அண்ணன் மகன்.

பெண் 11 வயதில் பெரியவளானவர். முதல் இரண்டு வருடம் மாதவிடாய் முன்னே பின்னே இருந்தது. அந்த வயதில் அது இயல்புதான். அதன் பிறகும் சீராகவில்லை. 16 வயதில் வேறோர் இடத்தில் வயிற்று ஸ்கேன் எடுத்து, இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி, அதாவது பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறு, என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாதவிடாயைச் சீராக்க ஹார்மோன் மாத்திரை. கூடவே "எடையைக் குறை" என்ற அறிவுரை. அப்போது அவர் எடை 48 கிலோ. அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டை விட்டவர், நான்கு வருடமாக வெறும் வயிற்றோடுதான் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்.

அந்த ஸ்கேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓடி என்று முடிவு செய்யக்கூடாது என்று 2018-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. வளரும் பெண்ணின் சினைப்பையில் முட்டை வளரும் சிறு நுண்ணறைகள் நிறையத் தெரிவது வயதின் இயல்பு. அந்த வயதில் மாதவிடாய்க் கோளாறும் ஆண் ஹார்மோன் மிகுதியும், இரண்டும் சேர்ந்து இருந்தாக வேண்டும். ஐந்தே வருடத்தில் எடுத்த படத்தை வைத்து இந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் ஒட்டப்பட்டது. ஒட்டிய பெயரை அப்புறம் யாரும் உரித்துப் பார்க்கவில்லை, கொஞ்ச காலம் நானும்தான்.

முதல் நாள் பார்த்தது

உயரம் 157 செ.மீ., எடை 51 கிலோ. உடல் பருமன் குறியீடு 20.7, குறைக்க எதுவுமில்லை. கழுத்துக்குப் பின்னால், அக்குளில் வெல்வெட் மாதிரியான கருமை இல்லை. தாடை ஓரத்தில் பருக்கள், ஆறிய தழும்புகள். மேலுதட்டிலும் தாடையிலும் முடி.

எவ்வளவு முடி என்று கணக்கிட முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்லரில் த்ரெட்டிங். வீட்டில் ஆச்சி கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்கும் அரைத்துப் பூசிவிடுகிறார். முடி வளர்ச்சியை உடலின் ஒன்பது இடங்களில், இடத்துக்கு நான்கு வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவது வழக்கம். கூட்டுத்தொகை நான்கு முதல் ஆறுக்கு மேல் போனால் மிகுதி. ஆனால் எடுத்துவிட்ட முடிக்கு மதிப்பெண் போட முடியாதே. அடுத்த முறை வருவதற்கு முன் நான்கு வாரம் எடுக்காமல் வரச் சொன்னேன். "மாஸ்க் போட்டுக்கிறேன்" என்றார் அந்தப் பெண். அடுத்த முறை பார்த்தபோது மதிப்பெண் 11.

குரல் தடிக்கவில்லை, தலைமுடி முன்புறம் ஏறவில்லை. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லி, பெண்ணின் சம்மதத்தோடு பிறப்புறுப்புப் பரிசோதனையும் செய்தேன், மாற்றம் இல்லை. இவை திடீரென்று வந்து வேகமாகக் கூடினால் ஆண் ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். இங்கே அவை இல்லை. இருந்த பருவும் முடியும் மெதுவாக, வருடக்கணக்கில் வந்தவை.

கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை மாதவிடாய் என்ற கேள்விக்குப் பதில் வாங்குவது எளிதாக இல்லை. இடையிடையே மாத்திரை நிறுத்தியதால் வந்த ரத்தப்போக்கையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருந்தார்கள். போதாக்குறைக்கு, சித்திரையில் குலசாமி கும்பிடு வந்ததால், தூரம் தள்ளிப்போகட்டும் என்று பழைய அட்டையை எடுத்துத் தொடர்ந்து போட்டிருக்கிறார்கள். மதுரைப் பக்கம் திருவிழாக் காலத்தில் இது சர்வ சாதாரணம். கேட்டால் ஒழிய யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதை மருந்து என்று யாரும் நினைப்பதில்லை. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில் தானாக வந்தது ஐந்து முறை. வருடத்துக்கு எட்டுக்குக் கீழே என்றால் சீரற்றது.

மாத்திரை கடைசியாக உள்ளே போனது மே முதல் வாரம். கருத்தடை வகை மாத்திரைகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அமுக்கிக் காட்டும். நிறுத்தி மூன்று மாதமாவது ஆக வேண்டும். அதனால் ரத்தப் பரிசோதனையை ஆகஸ்டுக்குத் தள்ளினேன். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ரத்தம் எடுக்கக்கூட நாள் பார்க்கணுமா?" என்று கேட்டார்.

முடி கொட்டுவதற்கென்று பெண் சாப்பிட்டுவந்த பயோட்டின் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னேன். அது பல ஹார்மோன் பரிசோதனைகளில் புகுந்து, சிலவற்றைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் காட்டிவிடும்.

ஸ்கேன்

கல்யாணமாகாத பெண் என்பதால் வயிற்றின் மேல்வழி ஸ்கேன்தான். தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்த பிறகு எடுத்தது. இந்த வழியில் நுண்ணறைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதை நான் நம்புவதில்லை. சினைப்பையின் கன அளவைத்தான் பார்க்கிறேன். வலது சினைப்பை 4.1 × 2.6 × 2.3 செ.மீ. மூன்றையும் பெருக்கி 0.523-ஆல் மறுபடி பெருக்கினால் 12.8 மில்லி. இடது 9 மில்லி. ஒரு பக்கம் 10 மில்லியைத் தொட்டாலே 'பாலிசிஸ்டிக் தோற்றம்' என்று எழுதலாம். முதிர்ந்த பெரிய நுண்ணறை எதுவும் கணக்கைக் கெடுக்கவில்லை. கருப்பையின் உள்படலம் 6 மி.மீ.

படத்தைத் திரையில் காட்டி அம்மாவிடம் விளக்க அரைமணி நேரம் ஆனது. 'நீர்க்கட்டி' என்ற சொல் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. கட்டி என்றால் கரைக்க வேண்டும், கரையாவிட்டால் அறுக்க வேண்டும் என்றுதான் கேட்பவர் மனசுக்குப் போகும். ஓரமாக மணிமணியாகத் தெரிபவை கட்டிகளே அல்ல. மாதம் ஒன்றாக முதிர்ந்து வெடித்திருக்க வேண்டிய நுண்ணறைகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோனவை. அவற்றைக் கரைக்க மருந்தில்லை, கரைக்கத் தேவையும் இல்லை. 1935-இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதியபோது சினைப்பையின் தோற்றம்தான் கண்ணில் பட்டது. பெயரும் அதிலேயே நின்றுவிட்டது.

ரத்தப் பரிசோதனை, முதல் முறை

மாதவிடாய் தானாக வரும் வரை காத்திருக்க முடியாததால், ஐந்து நாள் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து வரவழைத்தோம். மூன்றாம் நாள் ரத்தம் எடுக்க ஏற்பாடு. வெறும் வயிற்றோடு, காலை எட்டு மணிக்குள் என்று சீட்டில் எழுதியிருந்தேன்.

ஊரிலிருந்து உசிலம்பட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்கு ஒரு பஸ். முதல் பஸ்ஸைத் தவறவிட்டு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி 11.40. மூன்றாம் நாள் தப்பிவிடக் கூடாது என்ற கவலையில், எட்டு மணி தப்பிவிட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. ரத்தம் எடுத்தது 11.50-க்கு.

முடிவுகள்: மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 82 நானோகிராம், அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 50. தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் 2.4, பால் சுரப்பு ஹார்மோனான புரொலாக்டின் 14, இரண்டும் சரி. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களில் எல்எச் 9.6, எஃப்எஸ்எச் 5.1. இந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்து பிசிஓடி சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை, ஆனால் எந்த வரையறையிலும் அது இல்லை. சர்க்கரை கொடுத்து எடுத்த பரிசோதனை இயல்பு. பரம்பரை அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு இருக்கிறதா என்று காட்டும் 17 ஓஎச்பி ஒரு மில்லிக்கு 1.8 நானோகிராம். 2-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்பது பாடம்.

2003-இல் ராட்டர்டாமில் வகுத்த வரையறை மூன்று அம்சங்களைச் சொல்கிறது: சீரற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம். மூன்றில் இரண்டு போதும். இவருக்கு மூன்றுமே இருந்தன. ஆனால் அந்த வரையறைக்கு ஒரு வால் உண்டு: இதே மாதிரி தோற்றமளிக்கும் மற்ற நோய்களை விலக்கிய பிறகு. விலக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். பிசிஓடி என்று எழுதினேன். எடை சரியாக இருந்ததால் உணவைக் குறைக்கச் சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டை மறுபடி தொடங்கச் சொன்னேன். உள்படலம் தடிக்காமலிருக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் புரோஜெஸ்டிரோன்.

ஒரு கேள்வியும் கேட்டிருந்தேன்: "அப்பா அம்மா சொந்தமா?" இல்லை என்றார்கள். பரம்பரை நோய்க்கான கதவை அந்த 'இல்லை'யோடு சாத்திவிட்டேன்.

அக்டோபரில் தம்பி வந்தது

அக்டோபரில் அம்மாவுக்கு வயலில் வேலை என்பதால் தம்பி பைக்கில் அழைத்து வந்தான். வயது 17. நல்ல தோள், அடர்ந்த மீசை தாடி. உயரம் மட்டும் அக்காவை விட ஒரு செ.மீ.தான் அதிகம். அடுத்த வாரம் ஒரு சீட்டு வாங்க அம்மா தனியாக வந்தபோது, பேச்சுவாக்கில் அவன் உயரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதை ஏன் கேக்குறீங்க. ஆறாப்பு படிக்கையில அவன்தான் கிளாஸ்லயே உசரம். அப்பவே மீசை அரும்பிருச்சு, அவுக அப்பா மாதிரினு சந்தோசப்பட்டோம். அப்புறம் அப்படியே நின்னுட்டான். இவளுக்கும் அப்படித்தான், ஏழு வயசுலயே அங்கிட்டு முடி வந்துருச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன் அந்தரங்க முடி வந்தால், சினைப்பைக்கு முன்பே அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோனைக் கொட்டத் தொடங்கிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். பையன் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் நின்றுபோவதும் அதே கதைதான். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்கின்றன. அன்று சாயங்காலம் கோப்பைத் திரும்ப எடுத்தேன். 1.8-க்குப் பக்கத்தில் ஆய்வகம் அச்சடித்திருந்த நேரம் 11.50.

17 ஓஎச்பி என்பது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் வழியில் நடுவில் வரும் பொருள். அதிகாலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏற இறங்கும். முட்டை வெளிப்பட்ட பிறகு சினைப்பையும் அதைச் சுரக்கும். அதனால்தான் மாதத்தின் நாளும் முக்கியம், நாளின் மணியும் முக்கியம். நாங்கள் ஒன்றைக் காப்பாற்றி மற்றொன்றைக் கோட்டைவிட்டிருந்தோம். நண்பகலில் 1.8 என்றால் அது 'இயல்பு' இல்லை. 'தெரியாது' என்றுதான் நான் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது ரத்தம்

டிசம்பரில், மூன்றாம் நாளுக்கு முந்தைய இரவே கரிமேட்டில் சித்தி வீட்டில் தங்கச் சொன்னோம். காலை 7.40-க்கு எடுத்த ரத்தத்தில் 17 ஓஎச்பி 6.8.

2-க்கும் 10-க்கும் இடையில் வந்தால் அட்ரீனலைத் தூண்டிப் பார்க்க வேண்டும். மதுரையிலேயே ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் அனுப்பினேன். 2024 ஜனவரியில் அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்ததில் 21.4. பத்தைத் தாண்டினாலே போதும். கார்ட்டிசோல் போதுமான அளவு ஏறியது. ஆக, உயிருக்கு ஆபத்தான வகை இல்லை. பிறவியிலேயே உள்ள, ஆனால் தாமதமாக வெளிப்படும் மிதமான அட்ரீனல் நொதிக் குறைபாடு.

இதில் சினைப்பை குற்றவாளியே அல்ல. அட்ரீனலிலிருந்து வழிந்த ஆண் ஹார்மோன்தான் நுண்ணறைகளைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது. அதனால் ஸ்கேன் பொய் சொல்லவில்லை, டெஸ்டோஸ்டிரோனும் பொய் சொல்லவில்லை. ஆண் ஹார்மோன் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல இரண்டுக்கும் வழியில்லை, அவ்வளவுதான். 2023-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், பதின்வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக, நுண்ணறைகள் சுரக்கும் ஏஎம்எச் ஹார்மோனின் ரத்தப் பரிசோதனையை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. உள்வழி ஸ்கேன் எடுக்க முடியாத கல்யாணமாகாத பெண்களுக்கு அது வசதிதான். ஆனால் இந்த இடத்தில் அதுவும் கைகொடுத்திருக்காது. நுண்ணறைகள் நிறைய இருந்தால் அதுவும் கூடித்தான் காட்டும்.

வீட்டாரிடம் சொன்னது

அப்பா அன்று முதல் முறையாக வந்தார். விவசாயி. மடையை வைத்துச் சொன்னேன்: கார்ட்டிசோல் வயலுக்குப் போகிற மடை பாதி அடைத்திருக்கிறது, தண்ணீர் பக்கத்து வயலில் பாய்கிறது. சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப மேல இருந்து இன்னும் தண்ணி திறந்துவிடச் சொல்லி கேட்டுக்கிட்டே இருக்கும்ல?" என்றார். மூளையிலிருந்து வரும் ஏசிடிஎச் அதைத்தான் செய்கிறது. கல்லூரிப் பாடத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த கேள்வி கடினமானது. "நாங்க சொந்தத்துல கட்டலையே, எங்கிட்டிருந்து வந்துச்சு?" அப்பாவிடம் ஒரு பழுதான மரபணு, அம்மாவிடம் ஒன்று. தனித்தனியாக இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. சொந்தத்தில் கட்டினால் இரண்டும் சந்திக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அந்நியத்தில் கட்டினால் சந்திக்காது என்பது உண்மையில்லை.

மரபணுப் பரிசோதனைக்கு மூவரின் ரத்தமும் போனது. பெண்ணிடம் இரண்டு பழுதுகள்: அப்பாவிடமிருந்து வந்தது மிதமானது, அம்மாவிடமிருந்து வந்தது கடுமையானது. இங்கேதான் கல்யாணப் பேச்சு உள்ளே வருகிறது. அம்மாவிடம் உள்ளது அவர் அண்ணனிடமும் இருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று, அண்ணன் மகனிடம் நாலில் ஒன்று. மாப்பிள்ளையிடம் அது இருந்து, குழந்தைக்கு இருபுறமும் கடுமையான பழுதே போய்ச் சேர்ந்தால், பிறந்த சில வாரங்களில் உப்பும் நீரும் இழந்து உயிருக்கு ஆபத்தாகும் வகை வரலாம். பரிசோதிக்காத நிலையில் அதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்று. இதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமையில்லை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவும் உரிமையில்லை. மாப்பிள்ளையின் ரத்தத்தையும் பார்த்துவிடலாம் என்றேன்.

தாய்மாமன் வீட்டில் இது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. "பொண்ணுக்கு நோயாம், என் பையனுக்கு எதுக்கு ரத்தம்?" என்று சொல்லி, பங்குனிப் பொங்கலுக்குக்கூட வரவில்லையாம். ஏப்ரலில் அந்தப் பையன் யாரிடமும் சொல்லாமல் தனியாக வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

சிகிச்சையும் பலனும்

இந்தக் குறைபாடு என்றதும் ஸ்டீராய்டு கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை. கர்ப்பத்துக்கு முயலும்போது தேவைப்படலாம். அப்போதும் நஞ்சுக்கொடியைத் தாண்டாத வகையாகப் பார்த்துத் தர வேண்டும். இப்போது அவருக்குத் தொந்தரவு முகமுடியும் பருவும் மாதவிடாயும்தான். அதற்கு முதல் மருந்து கருத்தடை வகை ஹார்மோன் மாத்திரை. பிப்ரவரியில் தொடங்கினோம்.

அம்மா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஊர் மருந்துக்கடையில் வாங்க மாட்டார். கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த அட்டை என்றால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். மதுரையில் மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி, பிரித்து வேறு டப்பாவில் போட்டுவைத்தார்கள். கிழமை அச்சடித்த அட்டையைப் பிரித்ததால் இரண்டு முறை நாள் தவறியது. சரி, அப்புறம் அட்டையோடு ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மூன்றாம் மாதம் பரு அடங்கியது. முகமுடிக்கு ஆறு மாதமாவது ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன், ஏனென்றால் முளைத்துவிட்ட முடி தன் சுற்று முடியாமல் போகாது. நவம்பரில் மதிப்பெண் 11-லிருந்து 7. த்ரெட்டிங் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்பது ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஆனது. எடை 53 கிலோ, காலையில் சாப்பிடுகிறார்.

தம்பிக்கும் இதே குறைபாடு என்று பரிசோதனையில் தெரிந்தது. வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டன, உயரத்துக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை. அக்காவுக்கு 16 வயதில் யாராவது கேட்டிருந்தால் அவனுக்கு அப்போது 13. அப்போது மட்டும் என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவன் என்னிடம் அதைக் கேட்டான், நானும் இதையேதான் சொன்னேன்.

மாப்பிள்ளையிடம் அத்தையின் பழுது இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் கல்யாணப் பேச்சு நிற்கிறது. காரணம் ரத்தம் இல்லை: பெண் பி.எட். படிக்க வேண்டும் என்கிறார்.

மாற்றியவை

சொந்தத்தில் கல்யாணமா என்று இப்போதும் கேட்கிறேன், ஆனால் பதில் எதுவானாலும் அடுத்த கேள்விகளை விடுவதில்லை: எந்த வயதில் முடி வந்தது, கூடப் பிறந்தவர்களில் யாராவது சீக்கிரம் வளர்ந்து நின்றுபோனார்களா. முதல் கேள்வியைப் பெண்ணிடம் கேட்டால் தலை குனிகிறார்கள், அம்மாவிடம் தனியாகக் கேட்டால் சொல்கிறார்கள். ஒல்லியான பெண்ணுக்கு ஆண் ஹார்மோன் கூடியிருந்தால் இன்னும் ஒரு சுற்று கேட்பேன்.

பதின்வயதில் ஸ்கேனை மட்டும் வைத்து வந்த பெயரை அறிக்கையிலிருந்து நகல் எடுத்து எழுதுவதில்லை. 'முன்பு அப்படிச் சொல்லப்பட்டது' என்று மட்டும் எழுதி, முதலிலிருந்து தொடங்குகிறேன்.

தூரத்து ஊர்க்காரர்களுக்கு எட்டு மணி என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதால் பலனில்லை. எந்த பஸ், இரவு எங்கே தங்குவது என்பதை என் செவிலியரே கேட்டு முடிவு செய்கிறார். வழியே இல்லையென்றால் உசிலம்பட்டியிலேயே ரத்தம் எடுத்து அனுப்புகிறோம்.

ரத்தச் சீட்டில் 'எடுத்த நேரம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். ஆய்வகத்துப் பையன் முதல் சில வாரம் அதை வெறுமையாகவே விட்டுவந்தான். இப்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தால், 17 ஓஎச்பி அறிக்கையில் எந்த எண் இருந்தாலும் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.